சவுலுக்காக அழுத தாவீது



கொடுங்கோல் ஆட்சி செய்தவர் இறந்துபோனால் நாம் மகிழலாமா? பர்மாவிலிருந்து அகதிகளாய் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல.

1962 மார்ச் 2-ஆம் நாள் தளபதி நே வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வாண்டு ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; மறுநாள் மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1964-இல் கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாய் அங்கே உழைத்த தமிழர்கள், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் வாழ்வைப் புதிதாய்த் தொடங்கிய இடம். நம் திருச்சபை அங்கே நடத்திவந்த பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது.

1988-இல் மக்கள் கொதித்தெழுந்தபோது நே வின் கட்சித் தலைமையைத் துறந்தார். 2002 டிசம்பர் 5-ஆம் நாள் யாங்கோனில் வீட்டுக்காவலில் இறந்தார். காவலில் வைத்தது அவர் வளர்த்த இராணுவமே. ஆட்சிக் கவிழ்ப்புச் சதி என்று சொல்லி, அவருடைய மருமகனுக்கும் பேரன்கள் மூவருக்கும் அதே ஆண்டில் மரண தண்டனை விதித்திருந்தார்கள். அரசு மரியாதை இல்லை. உடல் அன்றே தகனம் செய்யப்பட்டது.

2006-இல் சிலி நாட்டின் பினோசெ இறந்தபோது, சாந்தியாகோ நகரில் ஒரு கூட்டம் தெருவில் ஆடியது. இன்னொரு கூட்டம் அவர் பெட்டியருகே அழுதது. யாங்கோனிலோ கொண்டாட்டமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. பேசவே அஞ்சிய மக்களின் அந்த அமைதியை மன்னிப்பு என்று சொல்லிவிட முடியாது.

தாவீதை எண்ணிப் பாருங்கள். சவுல் அவரைக் கொல்லத் துரத்தினார். ஏன்கேதிக் குகையில் சவுலைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் தாவீது கைவைக்கவில்லை. ஆனால் வாய்மூடியும் இருக்கவில்லை. சவுல் செய்த அநீதியை அவர் முகத்துக்கு நேரே சொன்னார். தீர்ப்பை ஆண்டவரிடம் விட்டார். பின்னர் கில்போவா மலையில் சவுல் மாண்ட செய்தி வந்தபோது, உடையைக் கிழித்து, மாலைவரை உண்ணாமல் அழுதார்.

உயிரோடு இருப்பவரிடம் உண்மை, இறந்தவருக்காகக் கண்ணீர். இந்த வரிசை மாறக் கூடாது. ஆகவே பர்மாவில் பட்டதைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும், எழுதியும் வைக்கட்டும். அது பழிவாங்கல் ஆகாது. என்ன அநீதி நடந்தது என்று சொல்லத் தெரிந்தவரே அதை மன்னிக்கவும் முடியும்.

இறந்தோர் அனைவருக்காகவும் திருப்பலியில் மன்றாடுகிறோம். அந்த 'அனைவரில்' நே வின்னும் உண்டு. அவர் பெயரைச் சொல்லி ஒருமுறை மன்றாட நம்மால் முடியுமா? முடியாவிட்டால், அந்த இயலாமையையே ஆண்டவரின் பீடத்தில் வைப்போம். ஆமென்.