ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க்குகள்

என்.டி.டி., அதாவது பொருளை அறுக்காமல் உடைக்காமல் உள்ளிருக்கும் குறையைக் கண்டுபிடிக்கும் வேலையில்தான் என் உத்தியோக காலம் கழிந்தது. இப்போது அந்தச் சோதனைக் கருவிகளையெல்லாம் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் வலையில் இணைத்து வருகிறார்கள். என்.டி.இ. 4.0 என்று பெயர். எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, 1989-இல் அமெரிக்காவில் நடந்த யுனைடெட் 232 விமான விபத்து.

அந்த ஜூலை 19 அன்று, டென்வரிலிருந்து சிகாகோ சென்ற விமானத்தின் வால் எஞ்சினில் இருந்த டைட்டானியம் விசிறி டிஸ்க் நடுவானில் உடைந்து சிதறியது. ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றும் போய்விட்டன. மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்துமே சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 112 பேர் இறந்தனர். டிஸ்க் துண்டுகள் சுமார் மூன்று மாதம் கழித்து அயோவா மாநிலத்துச் சோளக்காட்டில் கிடைத்தன.

உலோகத்தை உருக்கும்போதே நைட்ரஜன் சேர்ந்து இறுகிய ஒரு சிறு புள்ளிதான் மூலம். அந்த இடத்தில் தொடங்கிய விரிசல் 17 வருடம் வளர்ந்திருக்கிறது. 1988-இல் செய்த பெனிட்ரன்ட் சோதனையின்போது அது ஏறக்குறைய அரை அங்குல நீளம். சோதனைத் திரவத்தின் தடயம் விரிசலுக்குள்ளேயே இருந்தது! திரவம் நுழைந்த இடம் சோதித்தவர் கண்ணில் படவில்லை.

இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது பதிவேடு. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலையில் ஒரே வரிசை எண்ணுடன் இரண்டு ஃபோர்ஜிங்குகள் போயிருக்கின்றன. ஒன்று அல்ட்ராசோனிக் சோதனையில் தேறாதது. அதை ஸ்க்ராப்பில் போட்டிருக்க வேண்டும். விபத்துக்குள்ளான டிஸ்க் மற்றதுதான், வேறொரு கம்பெனியின் டைட்டானியக் கட்டையில் செய்தது என்றது ஆலையின் பதிவு. ஆனால் அதன் இறுதிச் சோதனை முடிந்த தேதி 1971 டிசம்பர் 11. ஃபோர்ஜிங் செய்து கொடுத்த அல்கோவாவின் பதிவிலோ, அந்தக் கட்டையை முதன்முதலில் வெட்டியதே 1972-இல்! அல்கோவா கணக்கு சரியென்றால், பறந்தது தேறாத டிஸ்க்தான்.

அதாவது அல்ட்ராசோனிக் தன் வேலையைச் செய்திருக்கிறது. அது சொன்ன பதில்தான் டிஸ்க்கோடு போய்ச் சேரவில்லை. மூல உலோகம் எது என்று தெளிவாகாததால், அதே உருக்கில் பிறந்த மற்ற டிஸ்க்குகள் எந்தெந்த எஞ்சினில் ஓடுகின்றன, எதை முதலில் இறக்கிப் பார்ப்பது என்பதிலும் சிக்கல். பார்த்தபோது இன்னும் இரண்டு டிஸ்க்குகளிலாவது அதே மாதிரிக் குறை இருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தோடு நோயாளியின் பெயரும் எண்ணும் ஒரே ஃபைலில் பயணிக்கின்றன அல்லவா? அந்த டைகாம் முறையைத்தான் நம் தொழிலுக்கு மாற்றி டைகோண்டே என்று வைத்திருக்கிறார்கள். நோயாளியின் இடத்தில் உதிரிபாகம். கருவி பார்த்த சிக்னல், உருக்கு எண், வரிசை எண் எல்லாம் சேர்ந்தே போகும். ஆலையின் உற்பத்தி மென்பொருளும் அதோடு இணைந்திருந்தால், தேறாத பாகத்தை அடுத்த மெஷினுக்கு விடாமல் நிறுத்தலாம். ஒரே எண்ணை இரண்டாம் முறை பதிய வந்தால் மறுக்கவும் செய்யலாம்.

பெனிட்ரன்ட் சோதனையில் கண்ணுக்குத் தப்பிய விரிசலுக்கு இது மருந்தல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கேமரா, கம்ப்யூட்டர் துணையோடு வேறு முயற்சிகள் நடக்கின்றன.