மகனுக்கு ஒரு சாக்ஸபோன்

நமுனுகுல மலையடித் தோட்டமொன்றிலிருந்து ஒரு தந்தை, கைக்கு வந்த சேமலாப நிதியில் இசை பயிலும் மகனுக்குச் சாக்ஸபோன் வாங்கலாமா எனக் கேட்டிருந்தார். திருவிழாவுக்கு நாதஸ்வரம் போதாதா என்று அயலவர் நகைத்தனராம்.

அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி அது. நாதஸ்வரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் அதைக் கேட்டு மயங்கினார். நாதஸ்வரத்தில் விரல் துளையையே தொடும். சாக்ஸபோனிலோ இடையில் மூடி உண்டு. கமகம் எளிதில் வழுக்காது. அதை வசப்படுத்த அவருக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. 1994இல் இலண்டன் ரோயல் அல்பர்ட் மண்டபத்தில் வாசித்தார். அவ்வாண்டே வெளிவந்த 'டூயட்' படத்தில் ஒலித்ததும் அவரது மூச்சுத்தான். 2019இல் மறைந்தார்.

வாங்கலாம் என்றே எழுதினேன். மினுங்கும் மலிவுக் கருவி மட்டும் வேண்டாம். மூடி பொருந்தாவிடில் காற்றுக் கசியும். பிள்ளையோ தன் மூச்சையே நொந்துகொள்வான். செப்பனிட்ட பழைய தரமான கருவி மேல். பணம் கொடுக்குமுன் ஆசிரியர் ஒருவர் வாசித்துப் பார்க்கட்டும்.