மூணு மணி நேரமா, 127 மணி நேரமா?

அலாஸ்கா வரலாற்றைப் படிக்கும்போது ஒரு கணக்கு ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

1924 பிப்ரவரி 21. ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத் என்ற சின்ன ஊருக்கு கார்ல் பென் ஐல்சன் என்ற விமானி தபால் கொண்டுபோகிறார். சுமார் 450 கிலோமீட்டர். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் போனால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். விமானத்தில் மூணு மணி நேரம்கூட ஆகவில்லை!

பதினொரு மாசம் கழித்து, 1925 ஜனவரியில், மேற்குக் கரையோர ஊரான நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. குழந்தைகள் சாக ஆரம்பித்தார்கள். டாக்டர் கர்ட்டிஸ் வெல்ச்சிடம் இருந்ததோ காலாவதியான மருந்து. கடல் உறைந்துவிட்டதால் கப்பல் கிடையாது. ரயில் பாதையும் இல்லை. ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் 3 லட்சம் யூனிட் மருந்து கிடைத்தது. ரயிலில் நெனானா வரைக்கும் அனுப்பலாம். அங்கிருந்து நோமுக்கு 1,085 கிலோமீட்டர் பனிப்பாதை.

விமானத்தில் அனுப்புங்கள் என்று நோம் மேயரே கேட்டார். ஆனால் ஆளுநர் ஸ்காட் போன் நாய்களைத்தான் தேர்ந்தெடுத்தார். பழமைவாதி என்று சட்டுனு சொல்லிவிடலாம். ஆனால் ஐல்சன் கதையின் மிச்சத்தையும் பாருங்க. மெக்ராத்திலிருந்து திரும்பி வரும்போதே இருட்டிப்போய், இறங்கும்போது விமானம் சேதமானது. மூணு விபத்துக்குப் பிறகு, அந்த வருஷமே தபால் துறை ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது. ஃபேர்பேங்க்ஸில் இருந்த விமானங்களைக் குளிர்காலத்துக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். விமானி உட்காரும் இடத்துக்கு மூடிகூடக் கிடையாது. வெளியிலோ மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. கைவசம் இருந்த மருந்தும் அவ்வளவுதான். நடுவழியில் விமானம் விழுந்தால் மருந்தும் போச்சு.

நாய்ப்பாதை வேற மாதிரி. அது தபால் பாதை. வழி நெடுக, அடுப்பு எரியும் சத்திரங்கள் இருந்தன. ஒருவர் கொண்டுவந்த மருந்துப் பொட்டலத்தை அடுத்தவர் வாங்கிக்கொண்டு ஓட்டலாம். அப்படி 20 வண்டியோட்டிகள், சுமார் 150 நாய்கள். ஓட்டியவர்களில் பலர் அந்த மண்ணின் பூர்வகுடிகள். லியன்ஹார்ட் செப்பலா, டோகோ என்ற நாயை முன்னால் விட்டு, மற்ற எல்லாரையும்விட நீளமாக 146 கிலோமீட்டர் மருந்தைச் சுமந்தார். மருந்தை வாங்க நோமிலிருந்து எதிர்த்திசையில் அவர் ஓட்டி வந்த தூரம் தனிக்கணக்கு. நியூயார்க்கில் சிலை வைத்தது என்னமோ கடைசி வண்டியை இழுத்த பால்ட்டோவுக்குத்தான்!

பிப்ரவரி 2 விடியற்காலை மருந்து நோம் போய்ச் சேர்ந்தது. மொத்தம் 127 மணி நேரம் 30 நிமிடம். வழக்கமாகத் தபால் போக 25 நாள் ஆகும் பாதை அது.

தற்செயலாக அதே பிப்ரவரி 2 அன்றுதான், விமானத் தபாலைத் தனியார் நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் சட்டத்தில் ஜனாதிபதி கூலிட்ஜ் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகும் அலாஸ்காவின் கடைசி நாய்த்தபால் நிற்க 1963 ஆனது. வேகத்தில் விமானம் 1924-லேயே ஜெயித்துவிட்டது. அப்புறம் ஏன் 39 வருஷம்?

எனக்குப் புரிந்தவரை, மூணு மணி நேரம் என்பது எல்லாம் சரியாக நடந்த ஒரு நாளின் கணக்கு. 127 மணி நேரம் என்பது மோசமான நாளிலும் போய்ச் சேர்ந்த கணக்கு. நோயாளிக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டாவது கணக்குதான் முக்கியம்.