இரண்டாவது கோப்பு: கடமை தவறிய அதிகாரி மீதான விசாரணையும் பாதிக்கப்பட்டோர் தரப்பு வழக்கறிஞரும்

வன்கொடுமை வழக்குகளில் எங்களிடம் வருவோர் பெரும்பாலும் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு வருகின்றனர். முதல் தகவல் அறிக்கை பதியப்பட்டுவிட்டது என்பதற்கான சான்றாகவே அதை நம்பி வைத்திருப்பர். அது மனு பெறப்பட்டதற்கான ரசீது மட்டுமே என்று விளக்கும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் ஏமாற்றத்தை ஒவ்வொரு இளம் வழக்கறிஞரும் கண்டிருப்பார். ஆனால் அந்த ரசீதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. வழக்கின் இரண்டாவது கோப்பு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் கோப்பு தாக்கியவர் மீதானது. சிறப்பு நீதிமன்றத்தில் நடப்பது. இரண்டாவது, கடமை தவறிய அதிகாரி மீதானது. இங்கிலாந்தில் இளநிலை பாரிஸ்டர்கள் பலர் குற்றவியல் வழக்குகளையும் தொழில்முறை ஒழுங்கு நடவடிக்கைகளையும் சேர்த்தே நடத்துகின்றனர். ஒரே நிகழ்வு இரு மன்றங்களுக்கும் செல்லக்கூடும், இரண்டிலும் மெய்ப்பிக்கும் அளவுகோல் வேறு என்பதை அவர்கள் தொழிலின் தொடக்கத்திலேயே கற்கின்றனர். இங்கு நம்மில் பலர் குற்ற விசாரணையை மட்டுமே கற்கிறோம். துறை விசாரணை பணியாளர் தரப்பு வழக்கறிஞர்களின் தனித்துறையாகிவிட்டது. அதன் விளைவாக, அதிகாரிக்கு அந்த விதிகள் அத்துப்படி. பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞருக்கு அவை அன்னியம்.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத பொது ஊழியர் ஒருவர் இச்சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 2016 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அக்கடமைகளை வரிசைப்படுத்தியது. வாய்மொழிப் புகாரை எழுதி, கையொப்பம் பெறும் முன் படித்துக் காட்டுதல், உரிய பிரிவுகளில் வழக்குப் பதிதல், நகலை உடனே அளித்தல், அறுபது நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தல், தாமதமானால் காரணத்தை எழுத்தில் தெரிவித்தல் ஆகியவை அவற்றுள் சில. 2018இல் சேர்க்கப்பட்ட 18அ பிரிவின்படி, வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. ஆகவே வன்கொடுமைப் புகாருக்கு சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து, 'விசாரித்துச் சொல்கிறோம்' என்று அனுப்புவது, கடமை தவறியதற்கு நிலையமே எழுதிக் கொடுத்த சான்று.

எனினும் இப்பிரிவில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. நிர்வாக விசாரணையின் பரிந்துரையின் பேரிலேயே பொது ஊழியர் மீது குற்றச்சாட்டு பதியப்பட வேண்டும் என்கிறது அதன் வரம்புரை. அந்த விசாரணையை யார் நடத்துவது, எத்தனை நாளில் முடிப்பது என்று சட்டம் கூறவில்லை. சிறப்பு நீதிமன்றமே கடமைத் தவறுதலைக் கவனத்தில் எடுத்து நடவடிக்கைக்கு உத்தரவிட 4(3) வழி செய்கிறது. ஆனால் அம்மனுவைத் தாக்கல் செய்த உடனே எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி: பரிந்துரை எங்கே?

நாங்கள் நடத்திய ஒரு வழக்கில், அடிபட்டவரின் மனைவி அன்றிரவே புகார் கொடுத்தார். கிடைத்தது சி.எஸ்.ஆர். பல நாட்கள் கழித்துப் பதிந்த முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைச் சட்டப் பிரிவுகள் இல்லை. ஆய்வாளர் மீது 4ஆம் பிரிவின்கீழ் நடவடிக்கை கோரியபோது, அவர் ஏற்கெனவே துறையில் 'கண்டனம்' பெற்றுவிட்டார் என்று பதிலுரையில் படித்தோம். அந்த விசாரணை நடந்ததே புகார்தாரருக்குத் தெரியாது. ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டிக்க முடியாது என்ற வாதமும் உடன் வந்தது. அது சட்டப்படி நிற்காத வாதம். துறை நடவடிக்கை அரசமைப்புச் சட்டத்தின் 20(2) கூறும் குற்ற வழக்கு ஆகாது என்று எஸ்.ஏ. வெங்கடராமன் வழக்கில் 1954லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆனாலும் இவ்வாதம் கீழமைவில் இன்றும் பலரை மலைக்க வைக்கிறது.

தமிழ்நாட்டில் ஆய்வாளர் வரையிலான காவலர் மீது 1955ஆம் ஆண்டின் காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகள் பொருந்தும். 3(ஏ) என்பது கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கானது. 3(பி) முழு விசாரணையும் பணிநீக்கம் வரையிலான தண்டனையும் கொண்டது. வன்கொடுமை வழக்கைப் புலனாய்வு செய்யும் துணைக் கண்காணிப்பாளருக்கோ அரசு ஊழியருக்கான 17(ஏ), 17(பி) விதிகள். குறிப்பாணையின் தலைப்பில் உள்ள எழுத்தைப் பார்த்தாலே துறையின் நோக்கம் புரிந்துவிடும்.

இந்த மன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நிகழ்தகவு மேலோங்கினால் போதும். அரியானா அரசு எதிர் ரத்தன் சிங் (1977) ஒரு பேருந்து நடத்துநரைப் பற்றிய வழக்கு. பயணச்சீட்டு இல்லாத பயணிகளை நேரில் விசாரிக்கவில்லை என்பதற்காகத் துறை முடிவைத் தள்ள முடியாது என்றது நீதிமன்றம். ஏழை நடத்துநருக்கு எதிராக உருவான அளவுகோலை வலிமைமிக்க அதிகாரிக்கு எதிராகவும் கேட்பதில் தவறில்லை. குற்ற வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்தாலும் ஆவணங்கள் பிறழ்வதில்லை. மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலில் உள்ள நேரம், சி.எஸ்.ஆர். தேதி, முதல் தகவல் அறிக்கையின் தேதி, கண்காணிப்பாளருக்கு அனுப்பிய பதிவு அஞ்சலின் ஒப்புகை அட்டை ஆகிய நான்கையும் ஒரே தாளில் வரிசையாக எழுதினால் கடமைத் தவறுதல் தானே வெளிப்படும்.

ஆயினும் துறை விசாரணையில் பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. அதிகாரி குறுக்கு விசாரணை செய்யலாம், மேல்முறையீடு செய்யலாம். புகார்தாரருக்கு அறிக்கையின் நகல்கூடக் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே (2012) தீர்ப்பைக் காட்டி, தண்டனை விவரம் 'தனிப்பட்ட தகவல்' என்று மறுக்கின்றனர். எங்கள் வாதம் வேறு. 4ஆம் பிரிவின் நிர்வாக விசாரணை ஊழியருக்கும் துறைக்கும் இடையிலான வீட்டு விவகாரம் அன்று. வன்கொடுமைச் சட்டமே உண்டாக்கிய நடவடிக்கை. 15அ(5) 'தொடர்புடைய நடவடிக்கைகளிலும்' பாதிக்கப்பட்டவருக்குக் கேட்கப்படும் உரிமை தருகிறது. 15அ பிரிவின்படியான அறிவிப்பு கட்டாயமானது என்று ஹரிராம் பாம்பி வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அது பிணை பற்றிய வழக்கு. அதே காரணத்தை நிர்வாக விசாரணைக்கும் நீட்டிக்கக் கோரி முதல் மனுவிலேயே எழுதிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் ஒரு நகல் செல்லட்டும். அதிகாரிகளின் பங்கை ஆய்வு செய்வது அக்குழுவின் வேலை.

இவ்வேலைக்கு ஊதியம் கிடைப்பது அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். வருமானம் எதுவாயினும் பட்டியல் சாதியினருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. அச்சட்டம் 'சட்டப்பணி' என்பதில் நீதிமன்றம் மட்டுமன்றிப் பிற அதிகார அமைப்புகளின் முன் நடப்பவற்றையும் சேர்த்திருக்கிறது. ஆணைக்குழுவிடம் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

காவலரை மட்டும் பேசி எங்கள் தொழிலை விட்டுவிடுவது நேர்மையாகாது. வழக்கறிஞர் மீதான ஒழுங்கு நடவடிக்கை 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவில், மாநிலப் பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழு முன் நடக்கிறது. அச்சட்டத்தின் 24அ பிரிவை நம்மில் பலர் படித்ததில்லை. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1955இன்கீழ் தண்டனை பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது என்கிறது அது. விடுதலையாகி இரண்டு ஆண்டுகள் கழிந்தால் அத்தடை நீங்கிவிடும். 1989ஆம் ஆண்டின் சட்டத்தின் பெயர் அப்பிரிவில் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. வன்கொடுமைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவர் அங்கி அணிய வந்தால், அது 'ஒழுக்கக்கேடான குற்றமா' என்று நாம் தனியே வாதாட வேண்டியிருக்கும்.