மின் மாண்டலின்

கம்பியின் அதிர்வை மின் அலையாக மாற்றி ஒலிபெருக்கி வழியே ஒலிக்கச் செய்யும் மாண்டலின் வகை. மின் கிதாரைப் போலவே, இதன் கம்பிகளுக்குக் கீழே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப் அமைந்துள்ளது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது.

டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார்களை உருவாக்கிய கலிபோர்னியாவின் ஃபெண்டர் நிறுவனம், கூடற்ற திண்ம மர உடல் கொண்ட மின் மாண்டலினை 1956இல் வெளியிட்டது. மரபான நான்கு இரட்டைக் கம்பிகளுக்குப் பதிலாக அதில் நான்கு ஒற்றைக் கம்பிகள் இருந்தன. அக்காலப் பிக்கப்களில் சுருளின் சுற்றுகள் கருவிக்குக் கருவி சற்றே மாறியதால் நாதமும் வேறுபட்டது. பழைய மின் கருவிகளைக் கலைஞர்கள் இன்றும் விரும்பித் தேட இத்தனித்தன்மை ஒரு காரணம்.

கருநாடக இசையில் இக்கருவிக்கு நிலையான இடம் பெற்றுத் தந்தவர் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014). ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்த இவர், செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடரான ருத்ரராஜு சுப்பராஜு பாடிக்காட்டியவற்றை மாண்டலினில் வாசித்துப் பயின்றார். இவரது கருவியில் ஐந்து ஒற்றைக் கம்பிகள் இருந்தன.

சாதாரண மாண்டலினில் மீட்டிய ஒலி விரைவில் அடங்கிவிடும். இரட்டைக் கம்பிகளை ஒருசேர இழுத்து வளைப்பதும் கடினம். ஒற்றைக் கம்பி வளைவதற்கு இடம் தருகிறது. மின்பெருக்கம் நாதத்தை நீட்டுகிறது. இதனால் சுரத்தை அசைத்து அழகூட்டும் கமகமும், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவும் மெல்லிய அசைவு வரை தெளிவாகக் கேட்கின்றன. ஸ்ரீநிவாஸுக்கு 1998இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவரது தம்பி யு. ராஜேஷும் மாண்டலின் கலைஞர்.