கம்பெனி கைவிட்ட சாம்பியன்

லெவர்குசன் என்றால் பலருக்கும் கால்பந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் ஜெர்மன் கூடைப்பந்தில் அதிக முறை சாம்பியன் ஆனதும் அதே ஊர் அணிதான். மொத்தம் 14 பட்டங்கள். முதலாவது 1970-ல். அப்புறம் டிர்க் பவர்மன் பயிற்சியில் 1990 முதல் 1996 வரை தொடர்ந்து ஏழு வருடம் ஏழு பட்டம்!

இதற்கெல்லாம் பின்னால் இருந்தது, ஆஸ்பிரின் மாத்திரை தயாரிக்கும் பேயர் கம்பெனியின் பணம். ஒரு கட்டத்தில் அந்தக் கம்பெனி, கால்பந்துக்கு மட்டும் செலவு செய்தால் போதும் என்று முடிவெடுத்தது. அவ்வளவுதான். 2008-ல் முதல் டிவிஷனில் ஆடும் உரிமம் பக்கத்து நகரமான டுசல்டார்ஃபுக்குப் போய்விட்டது. அங்கேயும் நிலைக்கவில்லை. 2011-ல் டுசல்டார்ஃப் அணி முதல் டிவிஷனை விட்டே இறங்கியது.

லெவர்குசன்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கீழ்மட்ட லீக்கில் மறுபடி ஆடத் தொடங்கினார்கள். 2019-ல் மூன்றாம் டிவிஷனை வென்று இரண்டாம் டிவிஷனுக்கு ஏறினார்கள். அந்த 14 பட்ட சாதனையை 2025 வரை யாரும் எட்டவில்லை.

ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தக்கூடாது என்பார்கள். அந்த வாடிக்கையாளர் போன பிறகும் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்களே, அதுதான் பெரிய விஷயம்.