கருக்கட்டல் தோல்வி

கருக்கட்டல் தோல்வி என்பது, சோதனைக் குழாய் முறையில் பெண்ணிடமிருந்து எடுக்கப்பட்ட முதிர்ந்த சூல்முட்டைகளில் ஒன்றுகூட விந்தணுவுடன் இணைந்து கருவாகாத நிலையைக் குறிக்கும். இது சாதாரண சோதனைக் குழாய் முறையில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு சுழற்சிகளிலும், விந்தணுவை ஊசி மூலம் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் ஏறத்தாழ 1 முதல் 3 விழுக்காடு சுழற்சிகளிலும் ஏற்படுகிறது. தோல்வி ஏற்படின் கருப்பையில் வைக்கக் கரு எதுவும் இராது. ஊசி மருந்துகளுக்கான செலவும் உடல் வேதனையும் வீணாகும். எனவே இதனை முன்கூட்டியே கணிப்பது முக்கியமானதாகும்.

கண்டறிதல்

விந்தணு சேர்க்கப்பட்ட 16 முதல் 18 மணி நேரத்திற்குப் பின்னர் முட்டைகள் நுண்ணோக்கியில் பார்க்கப்படுகின்றன. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு முன்கருக்கள் தென்பட்டால் கருக்கட்டல் இயல்பாக நடந்துள்ளது எனக் கொள்ளப்படும்.

விந்துப் பரிசோதனை

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி கீழ் எல்லை அளவுகள் பின்வருமாறு:

* விந்தின் கனவளவு: 1.4 மில்லி லீட்டர்
* செறிவு: ஒரு மில்லி லீட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள்
* முன்னோக்கி நகர்பவை: 30 விழுக்காடு
* இயல்பான வடிவமுடையவை: 4 விழுக்காடு

இவ்வளவுகள், ஓராண்டிற்குள் மனைவி கருவுற்ற ஆண்களிடம் எடுக்கப்பட்டவை. அவர்களிலும் 5 விழுக்காட்டினர் ஒவ்வோர் எல்லைக்கும் கீழேயே இருந்தனர். ஆகவே எல்லைக்குக் கீழிருப்பது மலட்டுத்தன்மை என்றோ, மேலிருப்பது கருக்கட்டல் உறுதி என்றோ பொருள்படாது.

கணிப்பின் வரம்புகள்

1980களில் தென்னாப்பிரிக்காவின் தினுஸ் குரூகரும் குழுவினரும், இயல்பான வடிவமுள்ள விந்தணுக்கள் மிகக் குறைவாக இருக்கும்போது சோதனைக் குழாயில் கருக்கட்டல் வீதம் குறைவதைக் காட்டினர். எனினும் எண்ணிக்கை, நகர்வு, வடிவம் ஆகிய மூன்றும் இயல்பாக இருந்தும் தோல்வி நேரலாம். விந்தணு முட்டையின் புறவுறையைத் துளைப்பதும், உள்ளே சென்றபின் முட்டையைத் தூண்டுவதும் இப்பரிசோதனையில் தெரிவதில்லை. முட்டையில் கால்சியம் அலைகளை எழுப்பும் பிஎல்சி சீட்டா என்னும் விந்தணுப் புரதம் 2002 இல் கண்டறியப்பட்டது. இதில் குறைபாடிருப்பின் இக்சி முறையும் பயனளிக்காமல் போகலாம். முட்டையின் முதிர்ச்சிக் குறைவும் மற்றொரு காரணமாகும்.

மாற்று வழிகள்

1992 இல் பிரசெல்சில் இக்சி முறையில் குழந்தை பிறந்த செய்தி வெளியான பின்னர், விந்தணு மிகக் குறைந்தோருக்கும் வழி பிறந்தது. கணிப்பு ஐயத்திற்குரியதாயின் முட்டைகளில் பாதியைச் சாதாரண முறையிலும் மீதியை இக்சி முறையிலும் கருக்கட்டச் செய்வதுண்டு. முட்டை தூண்டப்படாத நிலையில் கால்சியம் அயனோஃபோர் பயன்படுத்தப்படுகிறது.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978 அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் பிறந்தது. அது அப்போது ஏற்கப்படவில்லை. தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990 இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் பிறந்தது. 2021 ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கன்னியாகுமரி மாவட்டம் உட்பட நாடெங்கும் இத்தகைய சிகிச்சை மையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும்.

குழந்தையின்மைக்குப் பெண்ணையே காரணமாகக் கூறும் வழக்கம் சமூகத்தில் இன்றும் உள்ளது. ஆனால் குழந்தையற்ற இணையர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் சார்ந்த காரணமும் காணப்படுகிறது. எனவே சிகிச்சையின் தொடக்கத்திலேயே இருவரும் பரிசோதிக்கப்படுவது அவசியமாகும்.